எண்ணெய் குடித்த தோட்டாக்கள்

எங்கள் காரைக்கால்மேட்டில் மேக்னம் ரிவால்வர் வைத்திருந்த ஒரே ஆள் நான்தான். இதை நான் சொல்லாவிட்டால் சொல்ல வேறு ஆள் இல்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, நானும் அதை விட்டேன். படகு எஞ்சினுக்குக் கீழே மல்லாந்து படுத்துத் தொழில் கற்றவன் நான். பிறகு சொந்தமாகப் பட்டறை, பிறகு ஐஸ் பிளாண்ட், பிறகு மூன்று லாஞ்சு. யாரும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. துறைமுகத்தில் மீன் ஏலம் முடிந்தால் பணப்பையைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போன காலம் மாறி, ஜீப்பில் வைத்துக்கொண்டு போகிற காலம் வந்தது. அப்போது பக்கத்து ஊர் வியாபாரி ஒருவரை வழியில் மறித்து அடித்துப் போட்டுவிட்டார்கள். நான் துப்பாக்கி லைசென்சுக்கு எழுதிப் போட்டேன். எழுதியது நான் இல்லை, எழுதத் தெரிந்தவர் எழுதினார். கையெழுத்து மட்டும் என்னுடையது. அதைத்தான் அதிகாரி பார்த்தார், அதுதான் செல்லுபடியானது. இதெல்லாம் இரண்டாயிரம் பிறந்த புதிதில்.

புதுச்சேரி கடையில் முதலில் நம் நாட்டுச் சின்ன ரிவால்வரைக் காட்டினார்கள். என் கை டீசல் எஞ்சினின் இரும்புக் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிப் பெருத்த கை. அந்தச் சின்னது அதற்குள் பல் துலக்கும் பிரஷ் மாதிரி காணாமல் போனது. இதை விடப் பெரிசு இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் சிரித்துக்கொண்டே ஒரு பெட்டியைத் திறந்தார். எங்கள் காரைக்கால் டவுனிலேயே ஒரு பெரிய வீட்டுக்காரர் வைத்திருந்த வெளிநாட்டு ரிவால்வர் அது. குடும்பத்தோடு பிரான்சுக்குப் போய்த் தங்கிவிடப் போகிறார் என்பதால் கடையில் ஒப்படைத்திருந்தார். மேக்னம் என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. மற்றதை விட நீளமான தோட்டா, உள்ளே மருந்து கூடுதல் என்றார் கடைக்காரர். மருந்து கூடுதல் என்ற சொல் எனக்குப் போதுமாக இருந்தது.

வாங்கிய பிறகுதான் எங்கள் ஊரின் சங்கடம் புரிந்தது. என் லைசென்ஸ் புதுச்சேரி மாநிலத்துக்குள் மட்டும் செல்லும். காரைக்காலுக்கு மூன்று பக்கம் தமிழ்நாடு, நாலாவது பக்கம் கடல். வடக்கே பாலத்தைத் தாண்டினாலும் குற்றம், தெற்கே திருமலைராயன்பட்டினத்துக்கு அந்தாண்டை போனாலும் குற்றம். தஞ்சாவூர்ப் பக்கம், திருச்சிப் பக்கம் சுட்டுப் பழக இடம் உண்டு என்பார்கள், எடுத்துக்கொண்டு போக வழியில்லை. புதுச்சேரியிலிருந்து ஒரு பெட்டித் தோட்டா கொண்டுவரக்கூடத் தனி அனுமதிக் காகிதம் வேண்டும், ஏனென்றால் நடுவில் கடலூர், சிதம்பரம், சீர்காழி எல்லாம் தமிழ்நாடு. கடலூர் எல்லையில் பஸ்ஸை நிறுத்திச் சாராயப் பாட்டிலுக்குச் சோதனை போடுவது வழக்கம். ஒரு தடவை ஒரு காவலர் என் பையைத் தட்டி, "பெருசு, பாட்டிலா?" என்றார்.

"பாட்டில் இல்லீங்க, தோட்டா இருக்கு," என்றேன்.

பஸ்ஸில் இருந்த தலைகள் எல்லாம் என் பக்கம் திரும்பின. அவர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டு, இதற்குப் பாட்டிலே பரவாயில்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். காரைக்கால் போய்ச் சேரும் வரை என் பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லை. ராஜா மாதிரி வந்தேன்.

வீட்டுக்கு வந்த ரிவால்வர் பீரோவுக்குள் போய்ப் படுத்தது. தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை எல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும், முடிவு வந்த பிறகு திருப்பிக் கொடுப்பார்கள். அது வெளிச்சம் பார்த்தது அப்போது மட்டும்தான். தலைதீபாவளிக்குப் போகிற பெண் மாதிரி அதைத் துடைத்துப் பொதிந்து கொண்டுபோய் விடுவேன். என் மனைவி, "அது ஊரு சுத்துற அளவுக்குக் கூட என்னைய நீங்க கூட்டிக்கிட்டுப் போகல," என்பாள்.

இதில் என்னைச் சும்மா விடாதவர் என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவர். அப்படி வந்தவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்போம், பட்டாளத்துக்காரர் என்பதற்கு அவர்கள் பாஷை. பென்சனோடு ஊர் திரும்பி, டவுனில் வீடு கட்டினார். அவர் மனைவி இறந்த பிறகு தனியாகவே இருந்தார். ஒரே மகள், பிரான்சில் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வருஷத்தில் ஒரு தடவை, பிரெஞ்சுக்காரர் கொண்டாடும் ஜூலை நாளில், மெடல்களைச் சட்டையில் குத்திக்கொண்டு கொடிக்குப் பக்கத்தில் போய் நிற்பார். மற்ற நாளில் கைலிதான். ஆனால் கைலியிலும் அவருக்கு முதுகு வளைந்து நான் பார்த்ததில்லை.

"மாப்பிள்ள, அத எதுக்கு வாங்குன? பொண்ணு பாக்க வர்றவங்களுக்குக் காட்டவா?" என்பார். பட்டறைக்கு வரும்போதெல்லாம் இதுதான்.

நான் விடுவேனா. மேலதிகாரி வரை போய் எழுதிக் கொடுத்து, அலைந்து திரிந்து, போலீஸ்காரர்கள் எப்போதாவது பயிற்சி சுடும் இடத்தில் ஒரு காலைப்பொழுதுக்கு அனுமதி வாங்கினேன். சவுக்குத் தோப்புக்குப் பின்னால் கடலைப் பார்க்காத பக்கமாக ஒரு பெரிய மண்மேடு, அவ்வளவுதான் இடம். ஆயுதப் பொறுப்பில் இருந்த ஏட்டு ஒருவர் கூட இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. காரைக்காலில் அந்த அனுமதியை வாங்கிய தனியாள் எனக்கு முன்பு யாரும் இல்லை என்று ஏட்டே சொன்னார்.

முதல் தடவை நான் வைத்திருந்தது கடைக்காரர் தள்ளிவிட்ட தோட்டா. செம்புத்தோல் போர்த்திய சின்ன ரவை, நுனியில் குழி, பின்னால் மருந்து முழுசாக. ரவை எடை குறைய, வேகம் கூடும், அதுதான் உசத்தி என்று அவர் சொல்லியிருந்தார். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு விசையை இழுத்தேன். சவுக்குத் தோப்பில் இருந்த காக்கை அத்தனையும் ஒரே கரும்போர்வையாக எழுந்தது. துப்பாக்கி வாயில் ஆள் தலை அளவு தீ. உள்ளங்கையில் சுத்தியலால் அடித்த மாதிரி, அது முழங்கை வரை ஏறியது. நான் வைத்த குறி மீன் ஐஸ் பெட்டியின் பழைய மூடி. ரவை அதற்கு வெகு முன்னாலேயே மணலில் விழுந்து புழுதி கிளப்பியது. ஆறும் அப்படித்தான்.

தோட்டா சரியில்லை என்றேன்.

கூட வந்திருந்த மச்சான் சிரிக்கவில்லை. பட்டாளத்தில் புது ஆட்களைப் பழக்கியவர். "தோட்டா நல்லாத்தான் இருக்கு. வெடிக்கப் போவுதுன்னு உன் கைக்கு முன்னாடியே தெரிஞ்சிடுது. அது பயந்து குனியுது. அதான் ரவை மண்ணுல போவுது. டூசுமான், மாப்பிள்ள, டூசுமான்," என்றார். மெதுவாக என்று அதற்கு அர்த்தம். என் கையாவது பயப்படுவதாவது. புயலில் எஞ்சின் நின்ற படகைக் கரை சேர்த்த கை இது. ஆனால் தோட்டா விஷயத்தில் அவர் சொன்னதை எடுத்துக்கொண்டேன். சுட்டுப் பழக இந்தப் பேய்த்தோட்டா வேண்டாம், அதே அளவிலேயே கனமான ஈய ரவையும் அளவான மருந்தும் வைத்தது கிடைக்கும், நுனி தட்டையாக இருக்கும், அதைக் கேட்டு வாங்கு என்றார். தட்டை நுனி காகிதத்தில் பட்டால் அச்சில் குத்திய மாதிரி வட்டமாகத் துளை விழும், எங்கே பட்டது என்று தேட வேண்டியதில்லை. தள்ளும், அறையாது. இதுதான் வித்தியாசம்.

அந்தத் தட்டை நுனியைத் தேடி நான் புதுச்சேரிக்கு எத்தனை நடை போனேன் என்பது பஸ் கண்டக்டர்களுக்குத் தெரியும். கடைசியில் ஒரு பெட்டி கிடைத்தது. கொண்டுவந்து பீரோவைத் திறந்தால், மிச்சமிருந்த பழைய தோட்டாக்களின் பித்தளையில் பச்சை பூத்திருந்தது. கடற்காற்று. எங்கள் மேட்டில் உப்புக் காற்றுக்குத் தப்பிய இரும்பும் கிடையாது, பித்தளையும் கிடையாது. கதவுக் கீல், சைக்கிள் செயின், தூண்டில் முள், எஞ்சின் போல்ட், எல்லாவற்றுக்கும் நாங்கள் செய்வது ஒன்றுதான். மண்ணெண்ணெயும் தையல் மெஷின் எண்ணெயும் கலந்து பூசி வைப்போம். துரு பிடித்த போல்ட்டைக் கூட அந்தக் கலவை உள்ளே இறங்கி இளக்கிவிடும். பட்டறை தொடங்கிய நாளிலிருந்து அது என் கைமருந்து.

புதுத் தோட்டாக்களை ஒவ்வொன்றாகக் குளிப்பாட்டி, பால்பவுடர் டப்பாவில் நிற்க வைத்து, எண்ணெய்த் துணியைப் போர்த்தி மூடினேன். ஒரு மழைக்காலம் முழுக்க அவை அதிலேயே இருந்தன. எடுத்துப் பார்த்தால் பொன் மாதிரி மின்னும். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்போது கடல் ஊருக்குள் வந்து போய் இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. அந்தக் காலையில் மச்சான் டவுனில் இருந்ததால் தப்பித்தார். மகளுக்கு மட்டும் அது மனதை விட்டுப் போகவில்லை. அங்கே டி.வி.யில் பார்த்தாளாம், மூன்று நாள் எங்கள் யாருக்கும் போன் கிடைக்கவில்லையாம். அதன் பிறகு மச்சானின் வலது கையில் ஒரு நடுக்கம் வந்தது. மடியில் வைத்திருந்தால் விரல்கள் தானாகக் காசு எண்ணுவது போல ஆடும். அந்த வருஷ லீவில் மகள் வந்தபோது அதைக் கண்ணால் பார்த்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பாடு. என் லாஞ்சில் வந்த வஞ்சிரம், துண்டு ஒன்று தட்டை மறைக்கும். மச்சான் சாப்பிட்டு முடித்து, பேச்சைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேஜை மேல் கிடந்த கை சில்வர் டம்ளரில் பட்டு, டக் டக் என்று தட்டிக்கொண்டே இருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. நாங்கள் எல்லோரும் கவனித்தோம். மகள் டம்ளரை எடுத்துத் தள்ளி வைத்துவிட்டு, அப்பாவுக்குக் காகிதமெல்லாம் ஏற்பாடு செய்துவிட்டேன், லீவு முடியும்போது கூட்டிக்கொண்டு போகிறேன் என்றாள்.

என் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "நாங்க இங்க என்ன செத்தா போயிட்டோம்?"

"அத்தை, டூட்டில இருக்குறப்ப இந்தியாவுலேர்ந்து போன் வந்தா, அப்பா போயிட்டாருன்னு சொல்லத்தான் கூப்புடுறாங்கன்னு நெனச்சித்தான் எடுக்குறேன். ஒவ்வொரு தடவையும்." அவள் குரல் உயரவில்லை.

அவள் சொன்னதில் தப்பில்லை. மச்சானுக்கும் அது தெரியும். ஆனால் அந்த மனிதர் முப்பது வருஷம் அந்த ஊர்க் குளிரைத் தின்றுவிட்டு, இனி போவதில்லை என்று ஊர் வந்து சேர்ந்தவர். மகள் வீடு எட்டாவது மாடி என்று ஒரு தடவை என்னிடம் சொல்லியிருந்தார். ஜன்னலைத் திறந்தால் இன்னொரு ஜன்னல் தெரியும், அவ்வளவுதான் என்றார்.

அவர் கையை மேஜைக்குக் கீழே இறக்கிக்கொண்டார். "இந்தக் கை இன்னும் சுடும்," என்றார்.

"சுடுறதுக்கு இல்லப்பா. டம்ளர் புடிக்கிறதுக்குத்தான் கை வேணும்."

"மாப்பிள்ள துப்பாக்கி இருக்குல்ல. ஒரு தடவ சுட்டுக் காமிக்கிறேன். ஆறு ரவையும் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குள்ள விழுந்தா நான் இங்க. ஒண்ணு வெளியில போனாலும் பொட்டிய நீயே கட்டு."

மகள் என்னைப் பார்த்தாள். மாமா, இது என்ன சின்னப்பிள்ளை விளையாட்டு என்று கேட்கிற பார்வை. பிறகு சரி என்றாள். அவரால் முடியாது என்று நினைத்தாள் போலிருக்கிறது. வம்பு பண்ணாமல் அவர் கிளம்ப இது ஒரு வழி என்று நினைத்திருப்பாள்.

இப்போது எல்லாம் என் கைக்கு வந்துவிட்டது. அனுமதி வாங்குவது நான். துப்பாக்கி என்னுடையது. தோட்டாவைத் தேர்வு செய்வதும் நான். மச்சான் ஊரில் இருப்பதா, எட்டாவது மாடிக்குப் போவதா என்பது நான் எந்தப் பெட்டியை எடுக்கிறேன் என்பதில் இருந்தது. இரண்டையும் வீட்டில் மேஜை மேல் வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் பச்சை பூத்த பேய்த்தோட்டா. அது அந்தக் கையை ஒரே அறையில் வாரிப்போட்டுவிடும். இன்னொரு பக்கம் பொன்னாக மின்னும் என் தட்டை நுனி. இதில் யோசிக்க என்ன இருக்கிறது. பார்க்க வந்த மச்சான் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் உருட்டி, "வழுவழுன்னு இருக்கே," என்றார். துரு அண்டாமல் வைத்திருக்கிறேன் என்று சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அதை டப்பாவில் திருப்பி வைத்தார். என் பொருளில் குறை சொல்வது அழகில்லை என்று விட்டிருப்பார். நல்லதுக்குத்தான் விட்டார்.

அன்று காலை சவுக்குத் தோப்பில் காற்றில்லை. ஏட்டு முன்னதாகவே வந்து சிவப்புக் கொடி நட்டிருந்தார். ஐஸ் பெட்டி மூடியில் வெள்ளைத் தாள் ஒட்டி, என் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டை வைத்துக் கரியால் வட்டம் போட்டேன். மகள் கைகளைக் கட்டிக்கொண்டு எங்களுக்குப் பின்னால் நின்றாள். நின்ற நிலையில் மச்சானின் வலது கை தொடைப் பக்கம் ஆடிக்கொண்டிருந்தது. அவள் பார்வை அதிலேயே இருந்தது.

ரிவால்வரை அவரிடம் கொடுத்தேன். உருளையைத் திறந்து ஆறு குழியிலும் தோட்டாவைப் போட்டு மூடினார். இடது கை வலது கைக்குத் துணை. தோட்டாவை வந்து அடிக்கும் குதிரையைக் கட்டைவிரலால் பின்னால் இழுத்து நிறுத்தினார். விசையில் விரலை வைத்தார். அந்த மனிதர் மெடல் வாங்கிய நாட்களில் நான் அவரைப் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன்.

டிக்.

வெறும் டிக் சத்தம். வேறு எதுவும் இல்லை. நான் பதறிக் காலெடுத்து வைத்தேன். மச்சான் திரும்பாமலேயே, "நில்லு," என்றார். வெடிக்காத தோட்டா சில சமயம் தாமதமாக வெடிக்கும். அதனால் துப்பாக்கியை மண்மேட்டைப் பார்த்தபடியே கொஞ்ச நேரம் பிடித்திருக்க வேண்டும் என்பது பட்டாளத்துச் சட்டம். அவர் நீட்டிய கையை மடக்கவில்லை. அன், தே, த்ருவா என்று பிரெஞ்சில் மெதுவாக எண்ணத் தொடங்கினார். முப்பது வரைக்கும் எண்ணினார்.

அந்த எண்ணிக்கை முழுக்கத் துப்பாக்கியின் முனை அசையவில்லை. நான் சொல்வதை நம்ப வேண்டும், ஒரு நூல் கூட அசையவில்லை. தண்ணீர்க் குழாயைச் சுவரில் அடித்து வைத்த மாதிரி நின்றது.

ஏட்டு, மச்சான் மகளின் பக்கம் குனிந்து, "பாத்தீங்களாம்மா? வெடிக்கப் போவுதுன்னு நெனச்சி இழுக்குற கை, வெடிக்கலன்னா காட்டிக் குடுத்துடும். முனை மண்ணப் பாத்துக் குத்தும். நாங்க தெனம் பாக்குறோம். ஐயா கை நின்ன எடத்துலயே நிக்குது," என்றார்.

அவள் கட்டியிருந்த கைகளை இறக்கினாள்.

இரண்டாவதும் டிக். மறுபடி முப்பது. மூன்றாவது வெடித்தது. அறையாமல் தள்ளியது, தாளில் வட்டத்துக்கு நடுவே கிட்டத்தட்ட மையத்தில் அழகாக ஒரு துளை. நாலாவது டிக். ஐந்தாவது வெடித்து, வட்டத்தின் கரிக்கோட்டுக்கு வெளியே ஒரு விரல் தள்ளி விழுந்தது. ஆறாவதும் டிக்.

வெடிக்காத தோட்டா ஒன்றை ஏட்டு எடுத்து முகர்ந்து பார்த்தார். தோட்டாவின் அடியில் குதிரை வந்து இடிக்கும் சின்னப் பொட்டு ஒன்று உண்டு, அதைக் கேப்பு என்பார்கள். தீப்பொறி அதில்தான் பிறக்கும். "எண்ணெய்ல ஊறப் போட்டீங்களா?" என்று கேட்டார். ஆமாம், துருவுக்கு என்றேன். "உள்ள எறங்கி கேப்பக் கொன்னுடுச்சு. இத யாரும் செய்ய மாட்டாங்களே," என்றார். கடற்கரையில் பிறந்தவன் எவனும் செய்வான் என்று நான் சொன்னேன். போல்ட்டுக்குள் இறங்குகிற எண்ணெய் கேப்புக்குள்ளும் இறங்கும் என்பது அதன் குணம், அதற்கு நான் என்ன செய்ய முடியும்.

மச்சான் தாளுக்கு நடந்து போய்க் கோட்டுக்கு வெளியே விழுந்த துளையில் சுண்டுவிரலை வைத்தார். திரும்பி வந்து மகளிடம், "ஒண்ணு வெளியில. பொட்டியக் கட்டும்மா," என்றார். சொன்ன சொல் மாறாதவர். நாலு தோட்டா வெடிக்கவில்லை, கணக்கே செல்லாது, வீட்டில் அந்தப் பழைய பெட்டி இருக்கிறது என்று நான் வாதாடினேன். அவர் கேட்கவில்லை. வெடித்த இரண்டில் ஒன்று வெளியே, அது போதும் என்றார்.

ஏட்டுக்கு எங்கள் முகங்களைப் பார்க்கப் பொறுக்கவில்லை போலிருக்கிறது. டப்பாவில் மிச்சம் இருப்பதை அண்ணனும் சுட்டுப் பார்க்கட்டும், இதைத் திருப்பி வீட்டுக்கா கொண்டுபோகப் போகிறீர்கள் என்றார். நான் வாங்கி நின்றேன். அகலமாகக் கால் வைத்து, மூச்சை அடக்கி, நன்றாகக் குறி பார்த்து இழுத்தேன்.

டிக்.

முனை என் கால் பெருவிரலைப் பார்த்துக் குனிந்தது. கூடவே என் தோளும் குனிந்தது. கண்ணையும் மூடிவிட்டேன் என்று பிறகு சொன்னார்கள். அது நான் ஒப்புக்கொள்ளாத விஷயம்.

"மாப்பிள்ள," என்றார் மச்சான், "செத்த தோட்டாவுக்கே இப்படிக் கும்புடு போடுறியே, உசுரோட இருந்தா கால்லயே விழுந்துருவ."

ஏட்டு வாயைப் பொத்திக்கொண்டார். மகள் அந்த லீவில் முதல் தடவையாகச் சிரித்தாள். மச்சானும் சிரித்துக்கொண்டே பக்கத்தில் இருந்த மரப்பெட்டியில் உட்கார்ந்து கையை முழங்கால் மேல் வைத்தார். வைத்த மாத்திரத்தில் அது ஆட ஆரம்பித்தது. விரல்கள் பழையபடி தாளம் போட்டன.

மகளின் சிரிப்பு நின்றது. அந்தக் கையையே பார்த்தாள். நர்ஸ் பார்க்கிற பார்வை அது. நானும் அந்தப் பக்கமே பார்த்தேன். ஏட்டு கொடியைப் பிடுங்கப் போய்விட்டார். அவள் வந்து அப்பாவுக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்து, ஆடுகிற கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"சும்மா இருந்தாத்தாம்ப்பா இது ஆடுது," என்றாள். "வேல குடுத்தா நிக்குது. எனக்கு இது தெரிஞ்சிருக்கணும், நான் எத்தன பேர பாத்துருக்கேன். அப்பான்னு வந்ததும் தோணல." அவர் உள்ளங்கையைத் திருப்பித் தடவிப் பார்த்தாள். பிறகு, "அங்க என் வீட்டுல உங்களுக்கு என்ன வேல இருக்கு? காலையில நான் போனா சாயந்தரம் வருவேன். சும்மாதானே உக்காந்திருக்கணும்," என்றாள்.

மச்சான் அவள் கைக்குள் இருந்த தன் கையைப் பார்த்தார்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "மாமா, உங்க பட்டறையில அப்பாவுக்குக் கைவேல எதாச்சும் இருக்குமா? தெனமும் இருக்கணும்."

இப்படி ஒரு கேள்வியை என்னிடம் கேட்டுவிட்டு இல்லை என்ற பதிலோடு யாராவது திரும்பிப் போயிருக்கிறார்களா.

அவள் தனியாகத்தான் விமானம் ஏறினாள். மறு நாளே மச்சான் பட்டறைக்கு வந்தார். எஞ்சின் வால்வு தேய்க்கிற வேலை கொடுத்தேன். வால்வில் கரகரப்பான பசையைத் தடவி, குச்சியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக் கடைகிற மாதிரி உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வால்வு அதன் இருக்கையில் காற்றுப் போகாமல் உட்காரும் வரை. பொறுமை வேண்டும், கை ஒரே சீராகப் போக வேண்டும். மச்சான் தேய்த்த வால்வின் மேல் தண்ணீர் ஊற்றி நிறுத்திப் பார்த்தால் அடியில் ஒரு சொட்டு இறங்காது. டீ வரும்போது குச்சியை வைப்பார், கை ஆடும். டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் குச்சியை எடுப்பார், நிற்கும். அந்தப் பட்டறையில் டீசல் நாற்றத்துக்கும் வானொலிச் சத்தத்துக்கும் நடுவில் அவர் முதுகு நேராக உட்கார்ந்திருந்த அந்த வருஷங்களை நினைத்தால், என் ஐஸ் பிளாண்டும் லாஞ்சும் ஒரு பக்கம் இருக்கட்டும், நான் நன்றாக வாழ்ந்தது அப்போதுதான் என்று தோன்றுகிறது.

இன்றைக்கும் துறைமுகத்தில் யாராவது மேக்னத்துக்கு எந்தத் தோட்டா நல்லது என்று கேட்டால் சொல்லக்கூடிய ஆள் நான்தான். முழு மருந்து, குழி நுனி எல்லாம் சத்தத்துக்கு. கைக்கு எது பொருந்துகிறதோ அதுதான் தோட்டா. கனமான ஈயம், அளவான மருந்து, தட்டை நுனி. காற்றுப் புகாமல் வை, காய்ந்த துணியில் வை, எண்ணெய் மட்டும் காட்டாதே. ஆனால் நான் எண்ணெய் காட்டியிருக்காவிட்டால் ஆறும் வெடித்திருக்கும். ஒவ்வொரு தடவையும் சத்தமும் புகையும் துப்பாக்கியின் உதறலும்தான் கண்ணில் பட்டிருக்கும். அந்தக் கை எப்படி நின்றது என்பதை யார் பார்த்திருப்பார்கள். மச்சான் கடைசி மூச்சு வரை இந்த ஊர்க் காற்றை வாங்கினார் என்றால் அதற்கு என் தையல் மெஷின் எண்ணெய்தான் காரணம். இதை நான் மச்சானிடமே பல தடவை சொல்லியிருக்கிறேன். அவரும் இல்லை என்று சொன்னதில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும், "டிக்," என்று சொல்லித் தலையைக் குனிந்து காட்டுவார்.

அவர் பட்டறைக்கு வந்த அந்த வருஷங்களில் மகள் வாரம் தவறாமல் எனக்குப் போன் செய்வாள். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்க மாட்டாள்.

"மாமா, வேல இருக்கா?"

"எஞ்சின் கெட்டுக்கிட்டேதாம்மா இருக்கு," என்பேன்.

என் எஞ்சின்கள் அப்படியெல்லாம் கெடுகிறவை இல்லை. நான் பார்த்த எஞ்சின் கெடாது என்று கோட்டுச்சேரிமேடு வரைக்கும் பேச்சு உண்டு. வேலை தீர்ந்துபோன நாட்களில், நன்றாக ஓடிக்கொண்டிருந்த என் லாஞ்சு எஞ்சினையே நான் பிரித்து, வால்வுகளைக் கழற்றி, எண்ணெய் துடைத்து, மச்சானுக்கு முன்னால் கொண்டுபோய் வைப்பேன். அவர் ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். அதில் தேய்க்க ஒன்றுமில்லை என்பது அவருக்குத் தெரியும். பசையைத் தொட்டுத் தடவிக்கொண்டு, குச்சியை உள்ளங்கைக்கு நடுவில் எடுத்துக்கொள்வார்.